கால் தெரிந்தால் போதும்

பீரோவின் கீழ்த்தட்டில், மாமனாரின் சட்டைகளுக்கு அடியில் கையை விட்டு மருமகள் துழாவிக்கொண்டிருந்தாள். வாசலில் வண்டி இன்ஜினை அணைக்காமல் நின்றிருந்தது. மாமனாரை அதில் ஏற்றியாகிவிட்டது. அவருடைய அடையாள அட்டை கிடைத்தால்தான் வண்டி புறப்பட முடியும். அட்டை இல்லாவிட்டால் மயானத்தில் பதிவு செய்கிறவர் உள்ளேயே விடமாட்டாராம். உயிரோடு இருந்தவரை எந்த வீட்டு வாசலிலும் அட்டையைக் காட்டாமல் நுழைந்த மனிதர் அவர். முப்பத்து நாலு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தவர். வாசலில் நின்று "மீட்டர்" என்று ஒரு குரல் கொடுத்தால் கடிக்கிற நாய்கூட ஒதுங்கி வழிவிடும்.

"கெடச்சுதா இல்லையா?" நாத்தனார் வாசலிலிருந்து கத்தினாள். "அப்பாவ வெயில்ல வச்சுக்கிட்டு இன்னும் எவ்வளவு நேரம் தேடுவ?"

கடைசிச் சட்டைக்கு அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் அட்டை இருந்தது. அதை இழுத்தபோது கூடவே கனமாக ஒன்று உருண்டு அவள் முழங்காலில் இடித்தது. கைக்குட்டையில் சுற்றிய டார்ச்.

கணவன் உள்ளே வந்தான். பஸ் ஓட்டுகிறவன். எவ்வளவு நெரிசலிலும் நிதானம் தவறாதவன் என்று டிப்போவில் பெயர். அன்று கண் சிவந்து, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். அட்டையை வாங்கிக்கொண்டவன் அவள் மடியில் இருந்ததைப் பார்த்துவிட்டான்.

"இங்கயா இருந்துச்சு அது?"

"ம்."

"அக்கா காலையில பேசினத மனசுல வச்சுக்காத. அவளுக்கு யாரையாவது திட்டணும், நீ கெடச்ச. நீ போட்ட பேட்டரி அப்படி சட்டுனு நிக்காது, எனக்குத் தெரியும். அத பத்திரமா எடுத்து வை. வந்து எல்லார் முன்னாடியும் நானே அமுக்கிக் காட்டறேன்."

"இப்ப எதுக்குங்க அதெல்லாம்?"

"எதுக்கா? எங்கப்பாவ நீ சாகடிச்சேன்னு ஒருத்தி சொல்லிட்டுப் போவா, நான் கேட்டுட்டு இருக்கணுமா?" என்றவன் குரலைத் தாழ்த்தினான். "அம்மாவ பாத்துக்கோ. டாக்டர் குடுத்த மாத்திரைய ஒண்ணு குடு. தூங்கினாங்கன்னா தேவல."

வண்டி போயிற்று. நாத்தனாரும் போனாள். வாசலில் வாடகை நாற்காலிகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தன. வீட்டில் மருமகளும், சமையலறை மேசையில் ஆறிப்போன டீயை வெறித்துக்கொண்டிருந்த மாமியாரும் மட்டும்தான்.

நாத்தனார் கெட்டவள் இல்லை. அப்பா என்றால் அவளுக்கு உயிர். இருபத்தெட்டு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் மாறி மாறி உட்கார்ந்தும் அப்பாவைத் திருப்பிக் கூட்டிவர முடியாத ஆற்றாமைக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. காலையில் வந்தவர்கள் எல்லாம் எப்படி விழுந்தார், எப்படி விழுந்தார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாலாவது ஆள் கேட்டபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. "நாப்பது வருஷமா நல்லா எரிஞ்ச டார்ச்ச புதுசாக்கறேன்னு எங்க தம்பி பொண்டாட்டி நோண்டினா. நடுராத்திரி அது அவர கைவிட்டுடுச்சு. இருட்டுல போய் விழுந்தாரு" என்று கூட்டத்தில் போட்டு உடைத்தாள். மாமனாரே ஆஸ்பத்திரியில் தன் வாயால் சொன்னதுதானே அது.

அவள் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறாள். கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் சால்டரிங் கம்பி, மேசையில் எறும்பு சைஸில் உதிரி பாகங்கள். கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் அந்த மேசையை ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போனார். அதிலிருந்து அவள் அவருக்கு 'இன்ஜினியரம்மா'. ஊரெல்லாம் பெருமையடித்தார். பத்தாவது படித்தவளுக்கு அந்தப் பட்டம் கூச்சமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

இரண்டரை மாதத்துக்கு முன்னால் அந்தப் பழைய டார்ச்சைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். மாடிப்படிக்கு அடியிலும் கிடங்குகளிலும் மீட்டர் எண்களைப் படித்த டார்ச். பித்தளை உடம்பு, மேலே வெள்ளிப்பூச்சு பாதி உரிந்தது. பின்மூடியைத் திருகியபோது, உள்ளே இரண்டு பெரிய செல்லும் கசிந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பல்ப் ஒன்று அழுது வடிந்துகொண்டு மஞ்சளாக எரிந்தது.

"ராத்திரி ரெண்டு தடவ எந்திரிக்க வேண்டியிருக்கும்மா. வயசாச்சுல்ல. பாத்ரூம் வரைக்கும் போய்ட்டு வர்றதுக்குத்தான். கால் தெரிஞ்சா போதும்."

"எல்.இ.டி. போட்டுத் தரேன் மாமா. பகல் மாதிரி இருக்கும்."

"பகல் எதுக்கும்மா எனக்கு? கால் தெரிஞ்சா போதும்."

அதை அவள் காதில் வாங்கினாள், மனசில் வாங்கவில்லை. கை வேலை தெரிந்தவர்களுக்கு இருக்கிற வியாதி அவளுக்கும் இருந்தது. தன்னால் என்ன முடியும் என்று காட்டிவிட வேண்டும். அந்த இரண்டு பெரிய செல்லையே புதிதாகப் போட்டு, மூன்று வோல்ட்டில் எரிகிற சின்ன எல்.இ.டி. ஒன்றை பல்ப் இருந்த இடத்தில் திருகியிருக்கலாம். அரைமணி வேலை. வெளிச்சமும் பதமாக இருக்கும், மாதக்கணக்கில் எரியும். ஆனால் அதில் என்ன இன்ஜினியர் வேலை இருக்கிறது? அவள் பெரிய எல்.இ.டி. ஒன்றைச் செப்புத் தகட்டில் பதித்தாள். அது இழுக்கிற கரண்ட்டுக்குத் தாங்குமாறு லித்தியம் செல் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். பித்தளைக் குழாய்க்குள் அது லொடலொடவென்று ஆடாமலிருக்க பிளாஸ்டிக் பைப்பை வெட்டிச் சட்டை மாட்டினாள். வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்ன சர்க்கியூட் உண்டு. கடையில் அது தீர்ந்துபோயிருந்தது, வர பத்து நாளாகும் என்றார்கள். பத்து நாள் யார் காத்திருப்பது? ஒரே வெளிச்சம்தான், அமுக்கினால் முழுசாக எரியும் என்று முடித்துவிட்டாள்.

மாலையில் கொல்லைப்புறச் சுவரில் அடித்துக் காட்டினாள். மூன்றாம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வெள்ளையாகத் தெரிந்தது. மாமனார் குழந்தை மாதிரி கைதட்டினார். பிறகு டார்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"பழைய செல்லுன்னா மங்கும். மங்கினா மாத்திடுவேன். இது தீரப்போகுதுன்னு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாது மாமா. இதுல பாதுகாப்புக்கு ஒரு சின்ன போர்டு இருக்கு. தீர்ற வரைக்கும் ஒரே மாதிரி எரியும். தீந்தா டக்குனு நின்னுடும்."

"டக்குனா?"

"டக்குனு."

"அதுவும் நல்லதுதான்" என்று சிரித்தார்.

மறுநாள் காலை மாமியார் டீ டம்ளரோடு வந்து உட்கார்ந்து எல்லோரையும் சிரிக்க வைத்தார். "ராத்திரி இந்த மனுஷன் அத போட்டாரு பாரு, பொழுது விடிஞ்சுடுச்சுன்னு நான் எந்திரிச்சு டீக்கு தண்ணி வச்சுட்டேன். கொதிச்சப்புறம் மணிய பாக்கறேன், ரெண்டேகால். அப்புறம் எங்க தூக்கம்?" மாமனாரும் சேர்ந்து சிரித்தார். மாமியாருக்குத் தூக்கம் வருவதே பெரும்பாடு. வந்த தூக்கம் ஒருதரம் கலைந்தால் அவ்வளவுதான், மறுநாள் முழுக்கத் தலைவலி, ரத்த அழுத்தம். அதனால் கல்யாணமான நாளிலிருந்து மாமனார் இரவில் முன்னங்காலில்தான் நடப்பார் என்று வீட்டில் கேலி உண்டு. அறையில் குழல் விளக்கைப் போட்டு யாரும் பார்த்ததில்லை. அந்தக் காலைச் சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் அவரை நடைவழியில் கிடந்தபடி கண்டார்கள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரலில் சளி கட்டி, நேற்றுக் காலை மூச்சு நின்றது.

மருமகள் பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே கைக்குட்டையைப் பிரித்து டார்ச்சை எடுத்தாள். எரியாது என்று தெரிந்தும் கை பழக்கத்தில் பொத்தானை அமுக்கியது.

அறை வெளுத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள்ளும் வெள்ளையாகத் தெரிந்தது.

அணைத்தாள். போட்டாள். அணைத்தாள். எழுந்து ஓடிப்போய்க் கைப்பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்து வந்தாள். செல்லை வெளியே எடுத்து இரண்டு முனையிலும் ஊசியை வைத்தாள். நாலு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கிட்டத்தட்ட முழுசு. அதற்கான சார்ஜர் அன்றிலிருந்து இன்றுவரை அவள் பையில்தான் இருக்கிறது. அவளைத் தவிர யாரும் அந்த செல்லுக்குச் சார்ஜ் போட்டதில்லை. அப்படியென்றால் அன்றைக்கு இது தீரவில்லை. நிற்கவுமில்லை. அவள் வேலை அவரைக் கைவிடவில்லை.

ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் எழுந்து போயிற்று. சொல்ல வெட்கம்தான், ஆனால் அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வண்டியின் பின்னாலேயே ஓடிப்போய் நாத்தனாரை நிறுத்தி, அண்ணி, பாருங்க, கண்ணத் தொறந்து பாருங்க என்று முகத்துக்கு நேரே அடித்துக் காட்ட வேண்டும்போல் இருந்தது.

பிறகுதான் கீழே கிடந்த கைக்குட்டை கண்ணில் பட்டது.

நாலாக மடித்திருந்தது. ஓரங்களில் ரப்பர் பேண்டு இறுக்கிய வட்டத் தடம். நடுவில் டார்ச்சின் வாய் அளவுக்குத் துணி பழுப்பேறி, நடுமையத்தில் கருகி ஓட்டையாகியிருந்தது. அவள் அதை முகர்ந்து பார்த்தாள். தீய்ந்த வாசனை இன்னும் போகவில்லை.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெளிச்சத்தைக் குறைக்கக் கைக்குட்டையை மடித்துக் கட்டியிருக்கிறார். அவள் போட்ட எல்.இ.டி.யின் சூட்டில் துணி கருகியிருக்கிறது. இன்ஜினியரம்மாவிடம் போய், இது எனக்கு ஒத்து வரலம்மா என்று சொல்ல மனசு வரவில்லை. கருகியதையும் டார்ச்சையும் ஒன்றாகச் சுற்றிச் சட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். அப்புறம் இரவில் எழுந்தபோதெல்லாம் இருட்டிலேயே, சுவரைத் தடவிக்கொண்டு, முன்னங்காலில் போயிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் மாமியார் அழுதுகொண்டே கேட்டது நினைவுக்கு வந்தது. "டார்ச்ச போட்டுட்டுப் போயிருக்கக் கூடாதா?" மாமனார் மனைவியைப் பார்த்தார். அப்புறம் கட்டிலின் கால்மாட்டில் நின்ற மருமகளைப் பார்த்தார். "அமுக்கினேன். எரியல. டக்குனு நின்னு போச்சு. வச்சுட்டுப் போனேன்" என்றார். டக்குனு என்ற சொல் அவளுடையது. அதையே எடுத்துப் பொய்க்கு அஸ்திவாரம் போட்டிருக்கிறார் மனிதர்.

சாயங்காலம் அவள் கஞ்சி ஊட்டியபோது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கோவிச்சுக்காதம்மா. பழிய உன் மேல போட்டுட்டேன்."

"தப்பு என்னுதுதானே மாமா."

"நீ நல்லாத்தான் செஞ்சிருந்த" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று அவள் அன்றைக்கு நினைத்தாள்.

"அங்க என்னம்மா பண்ற?" என்று மாமியாரின் குரல் கேட்டது. நடைவழியில் கால் தேய்கிற சத்தம்.

மருமகளுக்கு யோசிக்க அதிக நேரம் இல்லை. கணவன் வந்ததும் டார்ச்சைக் கேட்பான். எல்லோர் முன்னாலும் அமுக்குவான். அது எரியும். எரிந்தால் அவள் தப்பித்தாள். நாத்தனார் வாயை மூடிக்கொள்வாள். ஆனால் எரிகிற டார்ச்சைப் பீரோவில் வைத்துவிட்டு ஒரு மனிதர் ஏன் இருட்டில் போனார் என்று மாமியார் கேட்பார். யாரும் பதில் சொல்ல வேண்டியதே இல்லை, அவருக்கே தெரிந்துவிடும். அப்புறம் அந்த அம்மாள் ஆயுசுக்கும் தூங்கமாட்டார்.

செல்லை உள்ளே போட்டு மூடியைத் திருகினாள். கீழ்த்தட்டில் இருந்த சட்டைகளை அள்ளி மேல்தட்டில் வைத்தாள். வெறும் இரும்புத் தகட்டில் டார்ச்சைப் படுக்க வைத்து, அதன் முகம் பின்சுவரைப் பார்க்கும்படி திருப்பி, பொத்தானை அமுக்கினாள். பீரோவின் வயிறு முழுக்க வெளிச்சம் நிறைந்தது. கதவை மூடினாள். கைக்குட்டையை உருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். முழு செல் ஒன்றரை மணி நேரம் தாங்கும் என்பது அவள் போட்ட கணக்கு.

பழைய பீரோ. கதவு சரியாகப் பொருந்தாது. கீழே ஒரு விரல் இடைவெளியில் வெள்ளைக் கோடு ஒன்று தரையில் விழுந்தது. மாமியார் உள்ளே வருவதற்குள் அவள் அந்தக் கோட்டை மறைத்துக்கொண்டு பீரோவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கீழ ஏம்மா உக்காந்திருக்க?"

"முடியல அத்தை. நீங்க படுங்க. இந்தாங்க, மாத்திரை."

மாமியார் விழுங்கினார். கட்டிலில் தான் எப்போதும் படுக்கிற பக்கமே ஒருக்களித்துப் படுத்தார். மறுபக்கத் தலையணை அப்படியே இருந்தது. மருமகள் எட்டி ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

"என் பொண்ணு காலையில பேசினது தப்பு" என்றார் மாமியார். "நான் கேட்டிருக்கணும். வாய் வரல."

"விடுங்க அத்தை."

"அன்னைக்கு நான் நல்லா தூங்கினேன் தெரியுமா? எத்தனையோ நாளைக்கு அப்புறம் அன்னைக்குன்னு பாத்து அப்படி ஒரு தூக்கம். அவரு கூப்பிட்டாரோ என்னமோ. இல்ல, கூப்பிட்டிருக்க மாட்டாரு. விடியற வரைக்கும் வலிய கடிச்சுக்கிட்டு அங்கயே கெடந்திருப்பாரு." தலையணையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கறேன், நெஜத்த சொல்லு."

மருமகளின் முதுகில் இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது.

"அது எரிஞ்சிருந்தா போட்டுட்டுத்தானே போயிருப்பாரு? நான் முழிச்சுக்குவேன்னு பயந்துக்கிட்டு போடாம போயிருப்பாரோன்னு ஒரு நெனப்பு. வெளிய சொல்ல முடியல. டீ போட்ட கதைய ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேனே, அது அவருக்கு உறுத்திடுச்சோன்னு..."

"அப்படியெல்லாம் இல்ல அத்தை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம? நான் போட்ட பேட்டரிதானே. தீந்து போச்சு. மங்கிக் காட்டாது, டக்குனு நின்னுடும். மாமா அமுக்கித்தான் பாத்திருக்காரு. என் தப்பு அத்தை. மங்கற மாதிரி பழைய செல்லே போட்டிருக்கணும். கால் தெரிஞ்சா போதும்னுதான் கேட்டாரு. நான்தான் கேக்கல."

பொய்யோடு உண்மையும் சேர்ந்து வந்துவிட்டதால் குரல் உடைந்தது. மாமியார் கையை நீட்டினார். எட்டவில்லை. மருமகள் பீரோவை விட்டு நகராமலே கையை நீட்டி அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ என்னம்மா பண்ணுவ" என்றார் மாமியார். "ஆசையாத்தானே செஞ்ச. பேட்டரி தீர்றது யார் கையில இருக்கு?"

ஒரு நீண்ட மூச்சு விட்டார். பிடித்திருந்த விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தன. சற்று நேரத்தில் லேசான குறட்டை கேட்டது. இருபத்தெட்டு நாளில் அவர் இப்படித் தூங்கி அவள் பார்க்கவில்லை.

அவள் கையை எடுக்கவில்லை. பீரோவின் சூடு முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் ஒருமுறை மெல்லத் திரும்பித் தகட்டைத் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை, தாங்கலாம். கடையில் ஒரு போனுக்கு உயிர் வர வேண்டுமே என்று இதுபோல் காத்திருந்திருக்கிறாள். ஒன்று அணைய வேண்டும் என்று காத்திருப்பது இதுதான் முதல் தடவை.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கதவு திறக்கிற சத்தம். நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொல்லி நாத்தனார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். மருமகள் தன் இடுப்புக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்தாள். வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது. மங்கவில்லை. மங்காது. மாமாவிடம் அதைப் பெருமையாகச் சொன்னவள் அவள்தான். நில்லு, நில்லு என்று உள்ளுக்குள் அதைக் கெஞ்சினாள். கணவனின் செருப்புச் சத்தம் கூடத்துக்கு வந்தது. சமையலறைக்குப் போயிற்று. தண்ணீர் ஊற்றிக் குடிக்கிற சத்தம்.

கோடு டக்கென்று போயிற்று.

அவள் எழுந்து பீரோவைத் திறந்தாள். டார்ச்சைத் துணியால் பிடித்து எடுத்து, சட்டைகளைப் பழையபடி இறக்கி வைத்தாள். கதவை மூடும்போது கணவன் அறை வாசலில் நின்றிருந்தான். அவள் உதட்டில் விரலை வைத்து அம்மாவைக் காட்டினாள். அவன் கிசுகிசுத்தான்.

"தூங்கறாங்களா? அப்பாடா. எங்க, அத குடு."

வாங்கி அமுக்கினான். மறுபடி அமுக்கினான். உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டி இன்னொரு முறை அமுக்கினான்.

"சூடா இருக்கே?"

"வெயில்ல வச்சுப் பாத்தேன். வேலைக்கு ஆகல."

பஸ் ஓட்டுகிறவனுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. முகம்தான் விழுந்துவிட்டது. அவள் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நெஜமாவே நின்னுதான் போச்சா?"

"ம்."

"சரி விடு" என்று அவள் தோளைத் தொட்டான். "அக்காகிட்ட நான் பேசிக்கறேன்."

டார்ச்சைச் சத்தம் வராமல் அலமாரி ஓரத்தில் வைத்தான். கட்டிலில் அம்மா புரண்டு படுத்தார். அவன் அசையாமல் நின்றான். மூச்சு சீரான பிறகு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, திரை போட்ட அந்த அரை இருட்டில் சுவரைத் தடவியபடி முன்னங்காலில் நடந்து வெளியே போனான்.